இடம் மாறிய தலைப்புகள்

மத்தியானக் கட்டின் ஐந்தாவது விடைத்தாளில், நான்காம் பக்கத்தில், ஒரு கல்யாணப் பந்தி நடந்துகொண்டிருந்தது. பிளஸ் டூ வேதியியல் தாளில் பந்திக்கு என்ன வேலை என்று வேறு யாராக இருந்தாலும் சிரித்துக்கொண்டே ஒரு கோடு இழுத்துவிட்டுப் போயிருப்பார்கள். செண்பகவடிவு டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. ‘இலை போடப் பத்துப் பேர், சோறு போடப் பத்துப் பேர் இருந்தாலும் ரசம் ஊற்ற ஒரே ஒரு ஆள் இருந்தால் பந்தி அந்த ஆளின் வேகத்தில்தான் நகரும். அதுபோல, பல படிகளில் நடக்கும் வினையில் மிக மெதுவான படியே மொத்த வேகத்தை நிர்ணயிக்கிறது.’ உருண்டை உருண்டையான எழுத்து, வார்த்தைக்கு வார்த்தை ஒரு விரல் இடைவெளி. இந்த ரசம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது. ஊற்றியவள் அவள்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால், கடலோர மாவட்டத்தில் வேலை பார்த்தபோது, மெல்லக் கற்போர் கையேடு என்று ஒன்று தயாரித்து மாவட்டம் முழுக்கக் கொடுத்தார்கள். அதில் வேதிவினை வேகவியல் பாடத்தை அவள்தான் எழுதினாள். எந்த ஊர்த் தாள் எந்த ஊர்த் திருத்தும் முகாமுக்குப் போகிறது என்பது பரம ரகசியம், பதிவெண்ணைக் கிழித்துவிட்டு வேறு எண் போட்டுத்தான் அனுப்புகிறார்கள், அத்தனை ரகசியத்தையும் ஒரு கரண்டி ரசம் காட்டிக்கொடுத்துவிட்டது. முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. எங்கேயோ ஒரு மீன்பிடிக் குப்பத்துப் பிள்ளை, தன் முகத்தைப் பார்த்திராத பிள்ளை, தான் சொன்னதை வரி பிசகாமல் சொல்கிறது. முட்டிவலி கூட ஒரு நிமிஷம் மறந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் ஐம்பத்தைந்து வயசு முட்டியை மடக்கிப் பத்து நாளாகத் திருத்துகிறாள், அந்த வலியே மறந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே காற்றாடி கிறீச் கிறீச் என்று சுற்றியது. பக்கத்தில் யாரோ மிச்சம் வைத்த புளியோதரையின் வாசனை அடித்தது. அவள் பேனாவை இறக்கி, அடுத்த விடைக்குப் போனாள்.

அடுத்த விடை இருபத்தெட்டாம் கேள்வி. வினை வகை, மூலக்கூறு எண், இவ்விரண்டையும் வேறுபடுத்துக. மூன்று மதிப்பெண். அடிக்கோலை வைத்துப் பென்சிலில் கட்டம் போட்டு, இரண்டு பக்கமும் தலைப்பெழுதி, தலைப்புக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டிருந்தது அந்தப் பிள்ளை. இடது பக்கம் வினை வகை. அதன் கீழே, ‘வினையின் ஒரு படியில் மோதிக்கொள்ளும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை. எப்போதும் முழு எண். பூஜ்ஜியமாகவோ பின்னமாகவோ இருக்காது.’ வலது பக்கம் மூலக்கூறு எண். அதன் கீழே, ‘வேக விதியில் வரும் அடுக்குகளின் கூடுதல். சோதனை செய்துதான் கண்டுபிடிக்க முடியும். பூஜ்ஜியமாகவும் பின்னமாகவும் இருக்கலாம்.’ ஒரு எழுத்துப் பிழை இல்லை. எல்லாமே சரி, தலைப்பு மட்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. தலைப்பு மாறினால் எல்லாமே தப்பு. மூன்றுக்குப் பூஜ்ஜியம். பூஜ்ஜியம் போடப் போன கை நின்றது. இதே தப்பைக் காலையிலும் பார்த்தாளே. காலைக் கட்டில் மூன்று தாள், மூன்றிலும் இதே பென்சில் கட்டம், இதே இரட்டைக் கோடு, மூன்றுக்கும் கை நடுங்காமல் முட்டை போட்டாளே. அவற்றில் ரசம் இல்லை, அந்தப் பிள்ளைகள் பந்திக் கேள்வியைத் தொடவில்லை, அதனால் அவளுக்கு உறைக்கவில்லை. காலையில்தான், எதிர் பெஞ்சில் இருந்த சித்திரைச்செல்வன், போன வருஷம் வேலைக்கு வந்த பையன், தன் கட்டிலிருந்து ஒரு தாளைத் தூக்கிக் காட்டி, “டீச்சர், இங்க பாருங்க, மூலக்கூறு எண் பூஜ்ஜியமா இருக்கலாமாம். மோதுறதுக்கு ஒருத்தனுமே வரல, ஆனா மோதல் மட்டும் நடக்குது. பொண்ணு மாப்பிள்ளை இல்லாத கல்யாணம்!” என்றான். அறையே சிரித்தது. “எந்த மடையன் சொல்லிக்குடுத்தானோ, இதோட பதினோராவது தாள் டீச்சர் எனக்கு” என்றான். அவளும் சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். “புள்ளைகளச் சொல்லிக் குத்தமில்ல தம்பி, வாத்தியாரைத்தான் கட்டி வச்சு உதைக்கணும்” என்று சொன்னது அவள் வாய்தான். அந்த வாய் இப்போது உலர்ந்து ஒட்டிக்கொண்டது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள், கொதிக்கிற தண்ணீர், பங்குனி வெயில் பாட்டிலுக்குள்ளும் ஏறியிருந்தது.

எப்படி மாறியிருக்கும் என்று யோசிக்கவே வேண்டாம், தெரியும். அட்டவணை தலைப்போடு ஒரே பக்கத்தில் அடங்கவில்லை, தலைப்பு மட்டும் அடியில் நின்றது. கம்ப்யூட்டரில் அடித்த பெண், அடுத்த பக்கத்தில் தலைப்பை மறுபடி அடித்தாள். கை போன போக்கில் இதை அங்கே, அதை இங்கே. மனிதக் கை, ஆனைக்கும் அடி சறுக்கும், அந்தப் பெண்ணைத் திட்டி என்ன. அச்சுக்குப் போகும் முன் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவள் இவள். பார்க்கவில்லை. முதல் பக்கத்தைப் பார்த்தாள், இரண்டாம் பக்கத்தைப் பார்த்தாள், மணியைப் பார்த்தாள், நாலே முக்கால், ஐந்து மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறே கால், வீட்டில் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மிச்சப் பக்கத்தைப் புரட்டாமலேயே கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். ஓடிப்போய் என்ன கிழித்தாள்? அவள் படியேறும்போது வந்தவர்கள் கேசரியைத் தின்று முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். தளவாய், அவள் புருஷன், எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தார். “இவதான் அம்மா” என்று அவளைக் காட்டினார், ஏதோ பீரோவைக் காட்டுகிற மாதிரி. நாலு நாள் கழித்து ஜாதகம் சரியில்லை என்று போனில் சொல்லிவிட்டார்கள். அவள் போகாமலே இருந்திருந்தாலும் அதே கேசரி, அதே வெற்றிலை, அதே போன். எஸ்டரைத் தண்ணீரில் போட்டு உடைக்கிற வினையை வருஷா வருஷம் பலகையில் எழுதியவள் அவள். தண்ணீர் இல்லாமல் அந்த வினை நடக்கவே நடக்காது. ஆனால் தண்ணீர் ஏராளமாக இருக்கிற காரணத்தாலேயே வேகக் கணக்கில் அதன் பேர் வராது. மோதுகிறவர்களை எண்ணினால் அதுவும் ஒரு ஆள், வேகம் யாரால் என்று கேட்டால் அது ஆளே இல்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பில் ஒரு கணம் பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வாள், எதற்கென்று பிள்ளைகளுக்குத் தெரியாது, அவளும் இருமிவிட்டு டஸ்டரை எடுத்துக்கொள்வாள். யார் யார் இருக்கிறார்கள் என்பது வேறு, யார் இருப்பதால் நடக்கிறது என்பது வேறு. ஒன்றைத் தாளைப் பார்த்தே எண்ணிவிடலாம், மற்றதைச் செய்து பார்த்தால்தான் தெரியும். முப்பது வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறாள். முப்பது வருஷமாக வாழ்ந்தும் பார்த்துவிட்டாள். அப்பேர்ப்பட்டவளின் கையேட்டில் போய் இந்த இரண்டும் தலைகீழாக நிற்கிறது, கேட்டால் யார் நம்புவார்கள். அடுத்த மாசமே அவளுக்கு இந்த மாவட்டத்துக்கு மாறுதல் வந்தது. கையேட்டை அச்சில் பார்க்கக்கூட இல்லை. மூன்று வருஷமாக ஒரு ஆசிரியர் கண்ணிலும் இது படவில்லையா? படாது. நன்றாகப் படிக்கிறவன் புத்தகத்தைப் படிப்பான், வாத்தியார் நன்றாகப் படிக்கிறவனைப் பார்ப்பார். கையேட்டைக் கடைசி பெஞ்சுக்குக் கொடுத்துவிட்டு, ‘இத மட்டும் உருப்போடு, தப்பிச்சுக்கலாம்’ என்பார்கள். ஆக அந்தக் கையேட்டை நம்பி வாசித்த ஒரே கூட்டம், வேறு எதையும் வாசிக்க முடியாத கூட்டம். மெல்லக் கற்போர்! பேர் வைத்திருக்கிறார்கள் பார், பேர். மெதுவான படிதான் எல்லாவற்றையும் நிர்ணயிக்கும் என்று அவர்களிடமே எழுதச் சொல்லிவிட்டு.

சரி, அழுது என்ன ஆகப்போகிறது, கூட்டு. கூட்டினாள். ஒரு மதிப்பெண் கேள்விகளில் நாலு, இரண்டு மதிப்பெண் கேள்விகளில் எல்லாம் சேர்த்து மூன்று, பந்திக்கு மூன்று, கடைசிப் பகுதியில் ஒரு சமன்பாட்டுக்கு இரண்டு. பன்னிரண்டு. மறுபடி கூட்டினாள், எங்கேயாவது ஒன்றை விட்டிருக்கக் கூடாதா என்று கூட்டினாள். பன்னிரண்டுதான். எழுத்துத் தேர்வில் எழுபதுக்குப் பதினைந்து வந்தால் பிள்ளை தப்பித்தது. முகாமில் ஒரு வழக்கம் உண்டு, எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத வழக்கம், ஆனால் எல்லோரும் கடைப்பிடிப்பது. பதினாலு வந்தால் அப்படியே விடக்கூடாது. பதின்மூன்று வந்தாலும் ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும். சமன்பாட்டில் பாதி சரியா, அலகு எழுதியிருக்கிறதா, படத்தில் ஒரு பாகமாவது குறித்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து அரை, அரையாகத் தேற்றி ஏற்றிவிட வேண்டும். அறைக்குப் பொறுப்பான முதன்மைத் தேர்வாளர், சி.இ., முதல் நாளே சொல்லிவிடுவார், “பதினாலுல ஒரு தாளும் என்கிட்ட வரக்கூடாது, பாவத்தக் கட்டிக்காதீங்க” என்று. பன்னிரண்டுக்கு அந்த தர்மம் கிடையாது. மூன்று மதிப்பெண்ணை வெறும் தாளில் யாரும் முளைக்க வைக்க முடியாது. ஆனாலும் தேடினாள். பக்கம் பக்கமாகத் தேடினாள். பிள்ளை கையேட்டில் உள்ளதை மட்டும் எழுதியிருக்கிறது, கையேட்டில் இல்லாத இடமெல்லாம் கேள்வி எண்ணை மட்டும் ஓரத்தில் எழுதி, கீழே இடம் விட்டு, பிறகு வரலாம் என்று நினைத்திருக்கும் போல, வரவே இல்லை. ஆணா பெண்ணா தெரியாது. அப்பா படகில் போகிறவரா, அம்மா இறால் கம்பெனிக்குப் போகிறவளா, எதுவும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். பதினைந்து வாங்குவதற்கு என்ன செய்யச் சொன்னார்களோ அதை அச்சுப் பிசகாமல் செய்துவிட்டு, வீட்டில் போய், “எல்லாம் கையேட்டுல இருந்ததுதாம்மா, பாஸாயிருவேன்” என்று சொல்லியிருக்கும். சோறு இறங்கியிருக்கும். நிம்மதியாகத் தூங்கியிருக்கும். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்றைப் போட்டுவிட்டால் என்ன? கட்டத்தில் மூன்று என்று எழுதினால் பதினைந்து, முடிந்தது கதை. யார் கேட்பார்கள்? கேட்பார்கள். தேறிய தாளையும் தேறாத தாளையும் சி.இ. புரட்டிப் பார்ப்பார், தப்பான விடைக்கு முழு மதிப்பெண் எதற்கு டீச்சர் என்பார், மெமோ வரும். அப்படியே தப்பினாலும் இந்த ஒரு தாள்தானே, காலையில் முட்டை போட்ட மூன்று? சித்திரைச்செல்வனின் பதினொன்று? பக்கத்து அறைகளில்? அந்த மாவட்டத்தில் மெல்லக் கற்போர் எத்தனை ஆயிரம்? எண்ண ஆரம்பித்தால் தலை சுற்றுகிறது. அப்படியென்றால் வழி ஒன்றுதான். எழுந்து போய், சார், இது பிள்ளைகள் தப்பு இல்லை, கையேட்டுத் தப்பு, எழுதினவள் நான், கையெழுத்துப் போட்டவள் நான் என்று சொல்ல வேண்டும். எழுத்தில் கொடுத்தால் அவர் மேலே அனுப்புவார், மேலே ஒரு உத்தரவு போட்டால் இப்படி எழுதின எல்லாருக்கும் அந்த மூன்று கிடைக்கும். கேள்வியே தப்பாக வந்த வருஷங்களில் கொடுத்திருக்கிறார்களே. சொல்லலாம். சொன்னால்? அடுத்த மாசம் தலைமையாசிரியர் பதவி உயர்வுக்கான பேனல், பட்டியலில் அவள் ஒன்பதாவது, ஏழெட்டு வருஷக் காத்திருப்பு. இடையில் பதினேழு பி என்று ஒரு குற்றச்சாட்டுக் காகிதம் வந்தால் பேனல் அவளைத் தாண்டிப் போய்விடும், விசாரணை முடிவதற்குள் ரிட்டயர்மென்ட் வந்துவிடும். தளவாய் என்ன சொல்வார்? ஒன்றும் சொல்ல மாட்டார், பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “உனக்கு எதுக்கு அதெல்லாம்” என்பார், அதுதான் தாங்காது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாசலில் தன் பேர் எழுதின அறைக்குள் தன் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவள் ஒரு கையெழுத்துப் போட்டால் ஒரு காரியம் நடக்க வேண்டும், போடாவிட்டால் நடக்கக்கூடாது. பேராசை என்றால் பேராசைதான். சரி, பேசாமல் இருந்தால்? மூன்று மதிப்பெண்தானே, துணைத்தேர்வு இருக்கிறது, ஜூனில் எழுதிக்கொள்ளட்டும். எழுதுமா? பன்னிரண்டு வாங்கின பிள்ளை ஜூனில் எதைப் படித்து எழுதும்? அதே கையேட்டைத்தான். அந்த நினைப்பு அவளைப் பெஞ்சிலிருந்து எழுப்பியது. ஆமாம், அதே கையேட்டைத்தான், அதே கட்டத்தைத்தான், இன்னும் நன்றாக உருப்போட்டு, இன்னும் அழகாகக் கோடு போட்டு. தாளை எடுத்துக்கொண்டாள். முட்டி சடசடத்தது. சித்திரைச்செல்வன், “என்ன டீச்சர், டீ வந்துட்டா?” என்றான். இல்லை என்று தலையாட்டினாள். சி.இ.யின் மேசைக்கு எட்டு அடி. சொல்லிவிடுவாள், இந்தத் தடவை சொல்லிவிடுவாள், முதல் வாக்கியத்தை மனசுக்குள் மூன்று தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சார், இந்தக் கையேட்டை எழுதினது நான்தான்.

சி.இ. சவரிராயன் சார் நல்ல மனுஷன், யாரையும் ஒருமையில் பேசாதவர், மதிய சாப்பாட்டுக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொள்கிறவர். அவள் நீட்டிய தாளை வாங்கி, விரித்திருந்த பக்கத்தைப் பார்த்தார். பென்சில் கட்டத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“சார், இந்தக் கையேட்ட...” என்று ஆரம்பித்தாள்.

“தெரியும் டீச்சர்” என்றார் மெதுவாக. சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலை இன்னும் தாழ்த்தினார். “என் தங்கச்சி மக அந்தப் பக்கம்தான் படிச்சா. முந்தாநாளே வேற ஒரு தாள்ல இதே கட்டத்தப் பாத்துட்டு அவ கையேட்ட எடுத்துப் பாத்தேன். கடைசிப் பக்கத்துல தயாரிப்புக் குழுன்னு பேரெல்லாம் போட்டிருக்கு.”

அவள் திரும்பிச் சித்திரைச்செல்வன் பக்கம் பார்த்தாள்.

“பேனல் வர்ற நேரம் டீச்சர். மேலிடத்துல ஒருத்தருக்கு விஷயம் தெரிஞ்சாலும் பிடிச்சுத் தொங்குவான். நானும் யாருகிட்டயும் மூச்சு விடல. எழுதி அனுப்பலாமான்னு யோசிச்சேன், அனுப்புனா யார் எழுதுன கையேடுன்னுதான் முதல் கேள்வி வரும். உங்கள மாதிரி ஒரு டீச்சர அலைய விடுறதுக்கு எனக்கு மனசு வரல. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க.”

இதோ இப்போது சொல்ல வேண்டியது. இல்லை சார், அனுப்புங்கள், என் பேரைப் போட்டே அனுப்புங்கள் என்று. வாக்கியம் தயாராகத்தான் இருந்தது, தொண்டை வரைக்கும் வந்துதான் நின்றது. அதற்குள் உடம்பு முந்திக்கொண்டது. காலையிலிருந்து, இல்லை, ஐந்தாவது தாளிலிருந்து இறுக்கிப் பிடித்திருந்த தோள் தளர்ந்தது, காற்றாடிக் காற்று கழுத்து வேர்வையில் பட்டு ஜில்லென்றது, முட்டிவலி திரும்பி வந்தது. தப்பித்தோம் என்று உடம்பு முழுக்கத் தெரிந்தது. எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் கூசும்.

“ரொம்ப நன்றி சார்” என்றாள். ஒப்புக்குச் சொல்லவில்லை, மனசாரச் சொன்னாள்.

“நன்றி எதுக்கு. நமக்குள்ள நாம பாத்துக்கிட வேண்டியதுதான்” என்றார். தாளைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார். “முடிச்சுருங்க.”

நின்றபடியே குனிந்து, இருபத்தெட்டாம் கேள்விக்கு நேரே பூஜ்ஜியம் போட்டாள். முகப்பில் மொத்தம் என்ற இடத்தில் பன்னிரண்டை எண்ணால் எழுதினாள், பக்கத்தில் எழுத்தாலும் எழுதினாள், பன்னிரண்டு, ஒவ்வொரு எழுத்தும் பலகையில் எழுதுவது போலத் தெளிவாக. அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். எல்லாத் தாளையும் ஒருதரம் தானே கூட்டிப் பார்த்துத்தான் வாங்குவார் சவரிராயன் சார், முகாமில் அதற்குப் பேர்போனவர். இந்தத் தாளை வாங்கிக் கூட்டாமலேயே அடியில் தன் கையெழுத்தையும் போட்டார்.

“நீங்க கூட்டுனா தப்பு இருக்காது டீச்சர்” என்று சிரித்தார்.